மருந்துப் பெயருக்கு முன்னால் நூறு செடி

2018-க்கு முன்னால் பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளத்துக்கு மருந்து அடிப்பதே அபூர்வம். கரிசலில் மானாவாரியாக விதைப்பார்கள், களை எடுப்பார்கள், உரம் வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் தை, மாசியில் அறுவடை. ஆள் கிடைக்காமல் பருத்தியை விட்டவர்கள் மக்காச்சோளத்துக்கு மாறியதே இதனால்தான். கைவேலை குறைவு, நாமக்கல் கோழித் தீவனத்துக்கு எப்படியும் விற்றுவிடும். அந்த வருடம்தான் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவில் தலைகாட்டி, 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் பருவத்திலேயே எங்கள் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

நான் இந்தப் பகுதியில் உதவி வேளாண்மை அலுவலர். படைப்புழுவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று துண்டறிக்கை வேண்டிய மட்டும் இருக்கிறது. அதில் உள்ள விஷயம் விவசாயியின் வயல் வரைக்கும் எப்படிப் போகிறது, எந்த இடத்தில் நின்று போகிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். துறைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி, தங்கைகளுக்கும், ஆத்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் பண்ணைப் பள்ளி நடத்தப் போகிறவர்களுக்கும் ஏதாவது உதவலாம்.

முதல் பருவத்தில் எங்கு பார்த்தாலும் கூட்டம்தான். சமுதாயக் கூடத்தில் ஃபிளெக்ஸ் கட்டி, மைக் வைத்து, காலை பதினொரு மணிக்குத் தொடங்கும். பேசியதெல்லாம் சரியான விஷயம். கோடை உழவு, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறு, அந்துப்பூச்சியை மணம் காட்டி இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து என்று எதுவும் விட்டுப் போகாது. முடிந்ததும் டீ வரும். டீ குடித்துக்கொண்டே யாராவது ஒருவர் கேட்பார், "எல்லாஞ் சரிங்க மேடம், எந்த மருந்து அடிக்கிறது?" ஒரு சீட்டில் மருந்துப் பெயர் எழுதிக் கொடுப்போம். சீட்டு கடைக்குப் போகும். கடையில் அந்த மருந்தோடு ஒரு டானிக், கூடவே இன்னொரு பாட்டில். மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து, வெயில் ஏறிய பிறகு, இடுப்பளவு வளர்ந்த பயிரின் மேலாக விசிறிவிட்டு வருவார்கள். புழு சாகாது. "மருந்தெல்லாம் டூப்ளிகேட்டு" என்று பேச்சு வரும். அடுத்த வாரம் வேறு மருந்து. நாலைந்து முறை அடித்தவர்களும் இருந்தார்கள்.

புழு ஏன் சாகவில்லை என்பது குருத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாய் அந்துப்பூச்சி இலையில் நூறு, இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, மேலே தன் உடம்பு ரோமத்தைப் போர்த்திவிடும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப் புழு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். சுரண்டிய இடம் வெள்ளைச் சன்னல் போலத் தெரியும். அப்போது எது அடித்தாலும் கேட்கும், வேப்பங்கொட்டைச் சாறுகூட. பத்துப் பன்னிரண்டு நாள் போனால் புழு குருத்தின் அடிக்கு இறங்கிவிடும். தான் போட்ட எச்சமே மரத்தூள் மாதிரி மேலே அடைத்துக்கொள்ளும். பகலில் வெளியே வராது. அந்த மூடியைத் தாண்டி மருந்து உள்ளே இறங்குவதில்லை. இலை சல்லடையாகக் கிழிந்த பிறகுதான் விவசாயி கடைக்குப் போகிறார். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

பெயர் சரியாக இருந்தும் அடித்த நாள் தப்பு, அடித்த இடம் தப்பு. நாளும் இடமும் சீட்டில் எழுதிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. அவரவர் வயலில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே மருந்துப் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, பார்க்கிற பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தோம். பண்ணைப் பள்ளி அதற்குத் தோதாக இருந்தது. 25 பேர், பயிரின் முக்கியமான பருவங்களில் ஆறு வகுப்பு, எல்லாம் ஒரு விவசாயியின் வயலிலேயே. இந்த ஏற்பாட்டின் மூலம் இந்தோனேசியா. நெல்லில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சியை மருந்தடித்து மருந்தடித்தே பெருக்கிக்கொண்டு, 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்த நாடு அது. 1989-ல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகளே வாராவாரம் வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, அடிக்கலாமா வேண்டாமா என்று பேசி முடிவெடுப்பார்கள். நம் ஊரில் பெயர் வந்துவிட்டது. முறை பாதிதான் வந்தது. பல இடங்களில் பண்ணைப் பள்ளி என்பது மரத்தடியில் நடக்கிற அதே பதினொரு மணிக் கூட்டம்தான்.

வயலைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. ரோட்டோரம், போர்வெல் இருக்கிற வயல், நாலு பேரைத் தெரிந்த விவசாயி என்று எடுத்தால் அதிகாரிகள் பார்வைக்கு வசதி. ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். "அவருக்கென்னங்க, தண்ணி இருக்கு, காசு இருக்கு, செய்வாரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நாங்கள் எடுத்தது இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரரின் வயல். ஓரத்தில் சில சால்களை (விதைத்த வரிசைகளை) மருந்து படாமல் விட்டுவைக்கச் சம்மதித்தார். அந்தச் சால்களில் மகசூல் குறைந்தால் அவர் தலையில் விழக் கூடாது என்று, மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈடு செய்வதாகத் தொடக்கத்திலேயே பேசிவைத்தோம். இதைப் பேசாமல் ஒரு ஏழை விவசாயியிடம் "சோதனைக்கு விடுங்க" என்று கேட்பது நியாயமில்லை.

முதல் வகுப்பு, விதைத்துப் பதினைந்து நாள் கழித்து. ஐந்து குழு. வயலில் ஐந்து இடம், இடத்துக்கு வரிசையாக இருபது செடி. மொத்தம் நூறு என்றால் சதவீதக் கணக்கு தனியாகப் போட வேண்டியதில்லை. செடியைத் தேர்ந்து பார்க்கக் கூடாது, வரிசையில் வருவதைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் எல்லாரும் சேதமான செடியாகப் பார்த்து எண்ணிவிடுவார்கள். புதிய சேதம் உள்ள செடி மட்டும் கணக்கு. பழைய ஓட்டை இருந்து குருத்து சுத்தமாக இருந்தால் அது கணக்கில் வராது. நூற்றுக்குப் பத்துச் செடியைத் தாண்டினால் அடிப்பதைப் பற்றிப் பேசுவோம், ஐந்திலிருந்து பத்துக்குள் இருந்தால் வேம்பு, அதற்கும் கீழே என்றால் மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணுவோம் என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு குழு மிக அதிகமாகச் சொன்னது, ஒரு குழு மிகக் குறைவாகச் சொன்னது. ஒரே வயல்! சண்டையே வந்துவிட்டது. "எங்க கூட வந்து பாருங்க" என்று இரண்டு குழுவும் இடம் மாறி எண்ணியது. வேலி ஓரம் அதிகம், நடுவில் குறைவு என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அப்போது என்னிடம் பதில் தயாராக இருந்தது, சொல்லவில்லை. நம் வேலையில் மிகக் கஷ்டமான விஷயம் இதுதான். கேள்வி வந்ததும் பதில் சொல்லிப் பழகிய வாய். "நீங்க என்ன பார்த்தீங்க? எந்தச் செடியில? குருத்துலயா, கீழ் இலையிலயா?" என்று திருப்பிக் கேட்கப் பழகுவதற்கு நாள் பிடிக்கிறது. விவசாயிகளும் முதலில் எரிச்சல்படுவார்கள். "தெரிஞ்சா சொல்லுங்க மேடம், எங்களைப் பரீட்சை எழுத வெக்கிறீங்க" என்று ஒரு ஐயா நேராகவே கேட்டார்.

அன்றைக்கு ஒரு வேலை கொடுத்தனுப்பினோம். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், ஒரே அளவில் இரண்டு பெரிய புழு, ஒரு துண்டு இலை. மறுநாள் காலை ஃபோன் மேல் ஃபோன். டப்பாவில் ஒரு புழுதான் இருந்தது. இன்னொன்றின் தோல் மட்டும் கிடந்தது. படைப்புழு தன் இனத்தையே தின்னும் என்று ஃபிளெக்ஸில் எழுதியிருந்தது, யாரும் படித்ததில்லை. டப்பாவில் பார்த்த பிறகு, பெரிய குருத்தில் ஏன் எப்போதும் ஒரே ஒரு புழு இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. புழுவின் தலையில் இருக்கிற தலைகீழ் 'ஒய்', பின்பக்கத்தில் சதுரமாக நாலு புள்ளி, இரண்டையும் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டாவது வகுப்புக்குள் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. பதிவேட்டில் இருந்த 25 பேரில் பெரும்பாலும் ஆண்கள். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்கள். ஆனால் இருபதாம் நாள் களை எடுக்கக் குனிந்து ஒவ்வொரு செடியையும் பார்ப்பது பெண்கள். வயலில் யார் குனிகிறார்களோ அவர்கள்தான் வகுப்புக்கு வர வேண்டும். பதிவேட்டுப் பெயரை மாற்றினால் ஆயிரம் கேள்வி வரும் என்பதால் மாற்றவில்லை. "வீட்டுக்கு ரெண்டு பேரா வாங்க" என்றோம். நேரத்தையும் மாற்றினோம். பதினொரு மணிக்குப் பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள், இல்லையென்றால் கூலிக்குப் போயிருப்பார்கள். காலையில் பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நேராக வயலுக்கு வந்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். எங்கள் அலுவலக நேரத்துக்கு அது சரிப்படாது, பயிருக்குச் சரிப்படும்.

பெண்கள் வந்த பிறகு வகுப்பே வேறு மாதிரி ஆனது. களை எடுக்கும்போதே முட்டைக் குவியலை நசுக்குவது கூடுதல் வேலையாகவே தெரியவில்லை அவர்களுக்கு. குருத்துக்குள் மணலும் சுண்ணாம்பும் ஒன்பதுக்கு ஒன்று கலந்து ஒரு சிட்டிகை போடுகிற முறை, முப்பது நாளுக்குள் இருக்கிற பயிருக்குப் பரிந்துரையில் உண்டு. ஆண்கள் "இதெல்லாம் ஆகிற காரியமா" என்று விட்டுவிட்டார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற பெண்கள் செய்தார்கள். ஐந்து ஏக்கருக்கு இது கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. சிறு நிலத்துக்கான யோசனையையும் பெரிய நிலத்துக்கான யோசனையையும் ஒரே தாளில் அச்சடிப்பதால் வருகிற குழப்பம் இது.

டேங்க் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பரிந்துரை எக்டருக்கு இருக்கும், இல்லாவிட்டால் லிட்டருக்கு இருக்கும். விவசாயிக்குத் தெரிந்த அளவு ஏக்கரும் டேங்கும். ஒரு வகுப்பில் எல்லாரையும் அவரவர் மருந்து அளக்கிற மூடியைக் கொண்டுவரச் சொன்னோம். தண்ணீர் ஊற்றி அளந்தால் ஒரு மூடி ஐந்து மில்லி, இன்னொன்று பத்தையும் தாண்டியது. எல்லாருமே "ஒரு மூடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! குளோரான்ட்ரானிலிபுரோல் என்கிற பூச்சிமருந்து லிட்டருக்கு 0.4 மில்லி என்றால், 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்கு ஆறரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. இதை மூடியில் அளக்க முடியாது. மெடிக்கலில் பத்து மில்லி சிரிஞ்சு வாங்கி, ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆறரைக்கு நேராக நகப்பாலிஷால் ஒரு கோடு. வேறு எதற்கும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, ஸ்பிரேயர் பெல்ட்டிலேயே ஒரு பையில் போட்டுக் கட்டிவைத்தோம். பள்ளி நடத்திய எல்லாப் பருவத்திலும் பக்கத்து ஊருக்குத் தானாகப் பரவியது இந்த சிரிஞ்சு ஒன்றுதான். நாங்கள் பரப்பவே இல்லை.

எப்படி அடிப்பது என்பதையும் வெறும் தண்ணீரை வைத்தே பழகினோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, செடிக்குச் செடி. முகக்கவசம், கையுறை பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். வியர்வையில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது என்பது அடித்துப் பார்த்தால் நமக்கும் தெரியும். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் இருபது பேருக்கு மேல் செத்துப்போனதைச் சொன்னேன். இங்கே பருத்தி வைத்தவர்கள் அதிகம் என்பதால் அந்தச் செய்தி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. காற்றுக்கு எதிராக நடக்காதே, தலைக்கு மேல் வளர்ந்த பயிரில் உள்ளே போய் அடிக்காதே என்ற இரண்டை மட்டுமாவது பிடித்துக்கொண்டார்கள். கதிர் வாங்குகிற சமயத்தில் ரசாயன மருந்தே வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணமாகவும் ஆனது.

கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோது ஒரு ஆயா இலையோடு ஒட்டிய ஒரு புழுவைக் கொண்டுவந்தார். விறைத்துப் போய், மாவு புரட்டியது போல வெள்ளையாக இருந்தது. "சுண்ணாம்புப் புழு கண்ணு, அஞ்சாறு நாளாவே கெடக்கு. தொட்டா ஒடையுது." மரக்கட்டையாகிக் கிடந்தது. மெட்டாரைசியம் ரைலேயி என்கிற பூஞ்சாணம் தாக்கிய புழு அது. ஈரப்பதம் அதிகமுள்ள நாட்களில் இயற்கையாகவே வரும். இரண்டு மூன்று நாளில் வெள்ளை மாறி வெளிர் பச்சையாகத் தூள் பூக்கும். அந்தத் தூள் பட்டு அடுத்த புழுவும் சாகும். வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னேன், யாருக்கும் நிற்கவில்லை. சுண்ணாம்புப் புழு என்ற பெயர் நின்றுவிட்டது. அன்றிலிருந்து எண்ணும் தாளில் இன்னொரு வரி சேர்ந்தது: சுண்ணாம்புப் புழு எத்தனை. அது கூடிக்கொண்டே வந்தால் மருந்தைத் தள்ளிப் போடலாம் என்று குழு முடிவு செய்தது. அந்த வரி எந்தத் துண்டறிக்கையிலும் கிடையாது. ஐந்தாறு நாளாக ஆயா பார்த்துக்கொண்டிருந்ததை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டா?" என்றார்.

கடைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. எங்களில் பலர் அவர்களை எதிரியாகவே பார்க்கிறோம். யோசித்தால், ராத்திரி எட்டு மணிக்குக் கதவு திறந்திருப்பது அவர் கடைதான், அறுப்பு வரைக்கும் கடன் கொடுப்பதும் அவர்தான். ஒரு அலுவலருக்கு ஏகப்பட்ட கிராமம், அதோடு காப்பீடு, மானியப் பதிவு, அடங்கல் (பயிர்க் கணக்கு) சரிபார்ப்பு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள். நடைமுறையில் விவசாயிக்கு யோசனை சொல்கிற விரிவாக்கப் பணியைச் செய்வது கடைக்காரர்தான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் (மேனேஜ்) 2003-லேயே இடுபொருள் விற்பனையாளர்களுக்கு 'தேசி' என்று ஓராண்டுப் பட்டயப் படிப்பு தொடங்கியது இதை உணர்ந்துதான். நாங்கள் இரண்டு கடைக்காரர்களை வகுப்புக்கே கூப்பிட்டோம். ஒருவர் மனம்விட்டுப் பேசினார். "ஒரு மருந்து மட்டும் குடுத்தா, இவருக்கு ஒண்ணும் தெரியலன்னு அடுத்த கடைக்குப் போயிடுறாங்க மேடம்." விவசாயிகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், மறுக்கவில்லை. அதன்பிறகு எண்ணிய தாளோடு கடைக்குப் போவது என்று ஏற்பாடு. தாளில் ஏழு என்று இருந்தால் அவரே "வேம்பு போதும்" என்பார். எல்லாக் கடையிலும் இது நடக்கவில்லை. அந்த இரண்டில் நடந்தது.

வாட்ஸ்அப் குழு எல்லாரும் வைத்திருக்கிறார்கள், நாங்களும் வைத்தோம். குட்மார்னிங்கும் அரசியலும் வந்து குவிந்தால் கேள்வி கேட்கிறவர் ஒதுங்கிவிடுவார். எங்கள் கட்டுப்பாடு இவ்வளவுதான்: படம் அனுப்பினால் மூன்று படம், முழுச் செடி, பிரித்த குருத்து, இலையின் அடிப்பக்கம். கூடவே விதைத்து எத்தனை நாள் என்று குரல் பதிவு. பதிலும் குரலில். எழுத்தில் போட்டால் பாதிப் பேர் படிப்பதில்லை. ஃபோன் கல்லூரி போகிற பையன் கையில் இருக்கிற வீடுகளுக்கு இது எட்டாது. அவர்களுக்குப் பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை. இந்த வாரம் எந்தத் திசை வயலில் நூற்றுக்கு எத்தனை, பொறியில் எத்தனை அந்துப்பூச்சி என்று இரண்டே எண். பொறியில் எண்ணிக்கை ஏறினால் ஊரே அடுத்த இரண்டு மூன்று நாளில் வயலைப் பார்த்துவிடும்.

எங்களுக்கு நடக்கிற பயிற்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் குளிர்பதன அறை, பவர்பாயிண்ட், மதியம் சாப்பாடு, சான்றிதழ். புது மருந்து, புது ரகம், புதுத் திட்டம் எல்லாம் தெரிந்துகொள்கிறோம். முப்பது பேரை வயலில் வைத்துப் பேச வைப்பது எப்படி, பேசாமல் நிற்கிறவரிடம் எப்படிக் கேட்பது, எல்லாம் தெரிந்த ஒருவர் வகுப்பையே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் இதைக் கற்றது, ஏற்கெனவே நன்றாகப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த இன்னொரு வட்டாரத்து அக்காவின் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க ஓரமாக உட்கார்ந்து. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். தனியாக வகுப்பெடுக்கும் முன்னால், விதைப்பிலிருந்து அறுப்பு வரை ஒருவர் நடத்துவதைப் பாருங்கள். ஒருநாள் பார்த்தால் பேச்சு மட்டும்தான் தெரியும்.

அறுப்பில் சோதனைச் சால்களையும் மற்றதையும் தனித்தனியாக அறுத்து, களத்தில் எல்லார் முன்னாலும் எடை போட்டோம். எண்ணிப் பார்த்து இரண்டு முறை அடித்த பகுதிக்கும், நாலு முறை அடித்த பக்கத்து வயலுக்கும் எடையில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. செலவில் இருந்தது. அடிக்காத சால் குறைந்துதான் போனது. அதையும் பலகையில் எழுதினோம். மருந்தே வேண்டாம் என்று சொல்ல வந்த பள்ளி இல்லையே இது.

பள்ளி முடிந்த பிறகும் தொடர்வது எது என்று கேட்டால், எண்ணுவதுதான். களை எடுக்கிற அக்கா ஒருவர் இப்போது பக்கத்து மூன்று ஊருக்கும் போய் எண்ணிச் சொல்கிறார். நாசிலைப் பிடிக்கவும் சொல்லித் தருகிறார். ஆரம்பத்தில் சும்மா போனார். போகிற நாளில் கூலி போகிறதே என்று வகுப்பில் அவரே எடுத்துப் பேசினார். அலுவலகத்தில் விசாரித்தேன், பயிற்சி கொடுக்கிற விவசாயிக்கு மதிப்பூதியம் வகுப்பு நாளுக்கு மட்டும்தான் உண்டு, இப்படி வயல் வயலாகப் போவதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. கடைசியில் ஊர்க்காரர்களே பேசி முடித்தார்கள். கூப்பிடுகிற ஐந்து வீடு சேர்ந்து அவருக்கு ஒருநாள் களைக்கூலி, எண்ணிய தாள் கடைக்குப் போகும் முன்னால் கையில் கொடுத்துவிட வேண்டும். வர்ற ஆவணியில் இன்னும் இரண்டு பெண்களை அவரே பழக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அவர்களுக்கும் அதே கூலி என்ற நிபந்தனையோடு.